வண்டலில் உறையும் நஞ்சு

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்குந் தொழிலுடைய யாம் இவ்வவையில் ஆண்டுதோறும் நூற்பொருள் பற்றியே பேசி வந்திருக்கின்றோம். இம்முறை சேற்றைப் பற்றிப் பேசுமாறு நேர்ந்தது. அதன் காரணம் உங்களிற் பலர் அறிந்ததே. நமது மாணவர் விடுதியின் பின்புறத்துத் தரிசைத் திருத்திக் காய்கறித் தோட்டம் அமைக்க வேண்டுமென்றும், அதற்கு வேண்டும் வண்டலை ஆற்றுக்கால் பாயும் ஏரியிலிருந்து எடுத்துக் கொள்ள அரசினர் இசைவு தருகின்றனராதலின் வண்டி வாடகையன்றி வேறு செலவில்லையென்றும் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. யாம் மட்டும் சற்றுப் பொறுக்க வேண்டுமென்றோம். அப்பொழுது நம் பெரியவர் ஒருவர், "பண்டிதரே, எங்கள் பாட்டன் காலந்தொட்டு ஏரி வண்டலை வெட்டி வயலுக்கு அடித்து வருகின்றோம். வண்டலைக் குற்றஞ் சொல்லும் வாயை இன்றுதான் பார்க்கின்றேன்" என்றார். அவையில் நகைப்பு எழுந்தது. அவர் சொன்னதிற் பொய்யொன்றுமில்லை. அவருக்கு விடையிறுக்கப் போதிய பொருள் அன்று எம் கையில் இல்லை. அதன்பின் மூன்று திங்களாகப் படித்தும், எம் பள்ளியின் அறிவியலாசிரியரை வினவியும் அறிந்தவற்றை இன்று அவருக்கு விடையாகவே கூறுகின்றோம்.

முதற்கண் வண்டலின் இயல்பைக் காண்போம். மழைநீர் மேட்டினைக் கரைத்துக் கொணரும் பொருள்களுள் கல் முன்னே தங்கும், பின்னர்ப் பருமணல் தங்கும், அதன்பின் நுண்மணல். நீரின் விரைவு முற்றும் அடங்கிய இடத்தே, அஃதாவது அணைக்கட்டின் பின்னும், ஏரியின் நடுக்குழியிலும், ஆறு கடலோடு கலக்குங் கழிமுகத்திலும், கண்ணுக்குப் புலனாகாத துகள்கள் மெல்லப் படியும். இப்படிவே வண்டல். ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் அவற்றுள் இரண்டு கூற்றினும் சிறியது களித்துகள். இத்துணைச் சிறியனவாதலின், ஒரு கைப்பிடிக் களிமண்ணிலுள்ள துகள்களின் மேற்பரப்பையெல்லாம் பிரித்து விரித்தால் அது பெரியதொரு வீட்டின் முற்றத்தை மூடியும் மிகும். அப்பரப்போ எதிர்மின்னேற்றம் உடையது. பயிர்க்கு உணவாகிய சாம்பற்சத்து, சுண்ணாம்புச்சத்து முதலியன நீரிற் கரையுங்கால் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. ஆகவே களித்துகள் அவற்றைப் பற்றிக் கொண்டு, நீரோடு ஓடிவிடாதபடி காத்து, வேர் வந்து கேட்கும்பொழுது ஈகின்றது. இலைமக்கும் இரும்புத் துருவும் அத்துகளின்மேல் பூசினாற்போற் படிந்து இப்பற்றுதலை மேலும் மிகுவிக்கின்றன. வெறுமணலில் விளையாத பயிர் வண்டலில் விளைவது இதனாலேதான்.

பெரியவர் கூற்றின் மெய்ம்மை இதுவே. எம் விடையும் இதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. குரோமியம், ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், நிக்கல், பாதரசம் என்னும் கனவுலோகங்களும் நீரிற் கரையும்பொழுது பெரும்பான்மை அந்நேர்மின்னேற்றமே உடையனவாகின்றன. களித்துகளுக்கு உணவு இது, நஞ்சு இது என்னும் பகுத்தறிவு இல்லை. எந்தக் கையால் அது சாம்பற்சத்தைப் பிடிக்கின்றதோ அந்தக் கையாலேயே ஈயத்தையும் பிடிக்கின்றது. நல்ல வண்டல் எதுவோ அதுவே நஞ்சையும் நன்றாகப் பற்றும். மேலே வரும் நீர் தூயதாக இருந்த காலத்துப் பாட்டனார் வெட்டிய வண்டல் அமுதமாகவே இருந்திருக்கும், அதில் ஐயமில்லை. இன்று வரும் நீர் யாது என்பதே வினா.

சாணமும் இலைதழையும் ஆற்றில் விழுந்தால் அழுகி மறைகின்றன. எண்ணெயையும் சாயத்தையுங்கூடச் சிறுமைப்படுத்தும் நுண்ணுயிர்கள் உண்டு. உலோகமோ தனிமம், அதனை உண்டு செரிக்கும் உயிரில்லை, எரித்து ஒழிக்கும் நெருப்புமில்லை. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாறும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயரும், அவ்வளவே. ஆகையால் ஓர் ஆற்றில் ஐம்பதாண்டுகளாக விழுந்த உலோகம் கடலுக்குச் சென்றது போக எஞ்சியதெல்லாம் எங்கேனும் ஒரு மடுவில் கிடந்தே தீரும்.

இவ்விடத்தே ஒரு மயக்கம் உண்டாகின்றது. ஏரி நீரை எடுத்துச் சோதித்து, குற்றமில்லை என்று சீட்டுக் கொடுத்துவிட்டால் ஊரார் அமைதி அடைகின்றனர். குடிநீர்க்கு நம் நாட்டில் அளவு வகுத்திருக்கின்றனர்: லிட்டர் ஒன்றுக்குக் குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நீர் இவ்வளவுகளுக்கு உட்பட்டுத் தெளிந்திருக்கவும், அதனடியிற் கிடக்கும் சேற்றில் கிலோ ஒன்றுக்கு அதனினும் ஆயிரமடங்கு உலோகம் இருத்தல் கூடும். தெளிந்த நீர் என்பது பலகால் தன் அழுக்கைச் சேற்றிடம் ஒப்படைத்துவிட்ட நீரே. சேற்றிற்கென்று அவ்வாறு யாவரும் கைக்கொள்ளும் அளவு நம் நாட்டில் வழங்காமையின், ஆய்வாளர் பெரும்பாலும் அயல்நாட்டார் அளவுகளையே ஒப்புநோக்குகின்றனர். கனடா நாட்டார் நன்னீர்ப் படிவில் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேற்பட்ட குரோமியம் இருப்பின் நீர்வாழ் உயிர்க்குத் தீங்கு நேர்தல் பெரும்பாலும் திண்ணமென்று வரையறுத்துள்ளனர். ஆனால் சில பாறைகளில் இயல்பாகவே குரோமியம் மிகுதி. ஆதலின் எண்ணை மட்டும் கண்டு அஞ்சுதலும் கூடாது. அவ்வூரிலேயே ஆலைநீர் அணுகாத மண்ணோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

சேற்றுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கலங்காத ஏரியின் அடியில் ஆண்டுக்காண்டு படிவது ஏட்டின்மேல் ஏடு அடுக்கினாற் போன்றது. ஆய்வாளர் நீண்ட குழாயொன்றை அதனுட் செலுத்தி, சேற்றை உருக்குலையாமல் எடுத்து, அங்குலம் அங்குலமாக அறுக்கின்றனர். உலகெங்கும் அணுகுண்டுச் சோதனை மிகுந்திருந்து 1963-ஆம் ஆண்டையொட்டி உச்சம் எய்திய சீசியம் என்னும் பொருள் எந்த அடுக்கில் மிகுந்துள்ளதோ அவ்வடுக்கு அக்காலத்தது என்று காலமும் கணிக்கின்றனர். எந்த ஆண்டில் எந்த ஆலை வந்தது என்பதை அதன் முதலாளி மறைத்தாலும் சேறு மறைப்பதில்லை. ஓலைச்சுவடிகளைப் புரட்டிப் பழகிய எமக்கு இம்முறை மிக்க வியப்பைத் தந்தது.

இனி நமது ஆற்றுக்கு வருவோம். பாலாறு கருநாடகத்து நந்திமலையிற் பிறந்து, ஆந்திரத்திற் சிறிது தூரம் ஓடி, தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, வாலாஜாப்பேட்டை வழியாகச் சென்று வயலூர் அருகே கடலை அடைகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். ஆண்டின் பெரும்பகுதி மேலே நீர் இராது; மணலின் கீழே ஊற்றாக ஓடும். இந்த இயல்பே இதன் கேட்டிற்கும் துணையாயிற்று. வற்றாத ஆறாயின் கழிவு நீரோடு கலந்து நொய்தாகும். வறண்ட ஆற்றில் விட்ட கழிவோ விட்ட இடத்திலேயே ஊறி, அங்குள்ள களியிலும் சேற்றிலும் செறிந்துவிடும்.

இக்கரையில் தோல் பதனிடுந் தொழில் தொன்மையானது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை முதலிய பட்டைகளைக் கொண்டே பதனிட்டனர். குரோம உப்பைக் கொண்டு பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் சோதித்து அறிமுகஞ் செய்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரி. பட்டையால் வாரக் கணக்கில் நடந்த வேலை குரோம உப்பால் விரைவில் முடிந்தது. தோலும் மென்மையும் உறுதியும் பெற்றது. ஆனால் பழைய முறையில் இடும் குரோம உப்பில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்குதான் தோலிற் பற்றும். எஞ்சியது கழிநீரோடு வெளியேறும். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செல்கின்றது என்று உச்சநீதிமன்றத் தீர்ப்பே கூறுகின்றது. அக்காலத்தில் அந்நீர் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28-8-1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. கேடு விளைத்தவனே அதனைத் தீர்க்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் ஒரு கூறாக அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. தோற்பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றுமோ ஒரு பகுதியோ பயிர்க்குத் தகாததாயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நிலையம் கணித்திருந்ததனையும் அத்தீர்ப்பிற் காணலாம். பின்னர் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 29,193 பேர்க்கு இழப்பீடு வகுத்தது. அதன்பின்னும் குறைகள் தீராமையால், 30-1-2025-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீட்டை விரைந்து கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நடுவர் ஒருவர் தலைமையிற் குழு அமைத்து ஆற்றைக் காக்கவும் பணித்தது. முன்னைத் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு இப்பொழுது தானே ஒரு குழந்தை இருக்கும்.

நேர்மை கருதி ஒன்று சொல்லவேண்டும். அந்நிலங்களைக் கெடுத்ததில் முதன்மை குரோமியத்திற்கு அன்று. தோலை உப்பிட்டுக் காக்கும் சாதாரண உப்பிற்கே. உவர்ந்த கிணறும், தென்னை மட்டை காய்ந்ததும் உப்பினால். ஆனால் உப்பை நா அறியும். நல்ல மழை தொடர்ந்து பெய்தால் ஓரளவு கழுவியும் போகும். குரோமியம் நாவுக்கும் தெரியாது, மழைக்கும் அசையாது. மேலும் ஒன்று: இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, பண்டுபோல் வெளிப்படையாகக் கழிநீர் பாய்வது குறைந்துள்ளது. அந்நிலையங்கள் செய்வது யாதெனில், நீரிலிருந்த உலோகத்தைச் சேறாக்கிப் பிரித்தல். சேறு அங்கேயும் சேறுதான். 31-1-2015-இல் இராணிப்பேட்டையில் அத்தகைய சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். வயிற்றுப் பிழைப்பிற்கு வந்தவர்கள். அவ்வூரிலேயே குரோமேட்டு உப்புச் செய்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் கழிவு ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேல் ஆண்டுகள் பல கடந்தும் குவிந்து கிடந்தது. உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று 2006-இல் அமெரிக்க நாட்டு நிறுவனமொன்று வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது.

குரோமியம் இருவகைப்படும் என்பதையும் அறிதல் நலம். மூன்று இணைதிறன் உடையது நீரில் எளிதிற் கரையாது, சேற்றிலே அடங்கிக் கிடக்கும், கேடும் குறைவு. ஆறு இணைதிறன் உடையது நீரிற் கரைந்து ஓடும். மூச்சுவழிச் சென்றால் நுரையீரற் புற்று விளைப்பது என்று ஐயமின்றி நிறுவப்பட்டது. தோல் பதனிட உதவுவது முன்னையது. ஆகவே அஞ்சவேண்டா என்று சொல்வாருண்டு. அது பாதி உண்மை. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு முன்னையதிற் சிறு பங்கைப் பின்னையதாக மாற்ற வல்லது. அடியில் காற்றுப் படாமல் கறுத்துக் கிடக்கும் சேற்றில் இம்மாற்றம் நிகழாது. அதனை வெட்டி வெயிலிற் கொட்டிக் காற்றுப் படச் செய்தால் நிகழ இடமுண்டு. காட்மியம், ஈயம் முதலியனவும் அவ்வாறே அடிச்சேற்றில் கந்தகத்தோடு பிணைந்து உறங்குகின்றன. காற்றுப் பட்டவுடன் அப்பிணைப்பு நெகிழ்கின்றது. எனவே ஏரியடியிற் கிடக்கும்போது அடங்கியிருந்த நஞ்சை அள்ளி வயலிற் பரப்புதல், உறங்கும் பாம்பை எடுத்து முற்றத்தில் விடுதலை ஒக்கும்.

இவ்வாறு சேற்றின் நஞ்சு சோற்றில் ஏறிய கதை ஒன்று சப்பான் நாட்டில் நிகழ்ந்தது. நெல் விளைவிக்கும் நமக்கு அது மிகப் பொருத்தமாதலின் சற்று விரித்தே கூறுகின்றோம். அந்நாட்டில் சின்சூ என்றோர் ஆறு உண்டு. அதன் மேற்பகுதியில் கமியோக்கா என்னுமிடத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுக்கும் பெருஞ்சுரங்கம் இருந்தது. துத்தநாகம் உள்ள இடத்தில் காட்மியமும் கலந்திருத்தல் இயல்பு. அரைத்த கல்லின் மாவை ஆற்றில் விட்டனர். அம்மாவு கீழே தொயாமா நாட்டுப்புறத்து வாய்க்கால் வழியே நெல்வயல்களிற் புகுந்து படிந்தது. வயலில் நீர் முதலிற் புகும் மடைவாயை அடுத்த இடத்தில் காட்மியம் மிகுதியாகவும், கடைமடையிற் குறைவாகவும் பின்னாளிற் கண்டனர். வண்டல் எப்படிப் படியும் என்பதனை நம் உழவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

அங்குள்ள மகளிர்க்கு, அவருள்ளும் பிள்ளை பல பெற்று ஆண்டு முதிர்ந்தவர்க்கு, ஒரு நோய் கண்டது. இடுப்பிலும் தொடையிலும் தாங்கொணா வலி. பின்னர் நடை தள்ளாடும். இறுதியில் இருமினாலும் எலும்பு முறியும். அவர் ஓயாது அரற்றிய சொல்லே நோய்க்குப் பெயராயிற்று: இத்தாய் இத்தாய். அவர் மொழியில் 'வலிக்கின்றது, வலிக்கின்றது' என்பது பொருள். நம் செவிக்கு இது வேறொரு பொருள் படுகின்றது. சொல்லொப்புமை தற்செயலே எனினும் முதன்முறை படித்தபோது எம் உள்ளம் திடுக்கிட்டது. ஊர்ப்பொல்லாங்கென்றும், சத்துக் குறைவென்றும், சுரங்கத்தோடு தொடர்பில்லை என்றும் பலர் பலவாறு கூறினர். அவ்வூரிலேயே மருத்துவம் செய்த அகினோ நொபோரு என்பவர் விடாது ஆராய்ந்து, துணை ஆய்வாளரோடு 1961-இல் காட்மியமே காரணமென்று வெளியிட்டார். அது சிறுநீரகத்தைக் கெடுத்து, எலும்பிற்கு வேண்டுஞ் சத்துக்கள் சிறுநீரோடு வெளியேறச் செய்கின்றது. உடலினுட் புகுந்த காட்மியம் பாதியளவு குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் செல்லும். 1968-இல் அந்நாட்டரசு இது ஆலைக்கழிவால் வந்த நோயென ஒப்பியது. 1971-இலும் மேல்முறையீட்டில் 1972-இலும் மக்களே வென்றனர்.

இதனினும் எம்மை ஆழ்ந்து எண்ணச் செய்தது அதன்பின் நிகழ்ந்தது. கெட்ட வயல்களின் மண்ணைப் பெயர்த்தும் புதைத்தும் மேலே நன்மண் இட்டும் திருத்தும் பணியைத் தொடங்கினர். 863 ஹெக்டேர் திருத்தி முடிக்க 2012-ஆம் ஆண்டாயிற்று. ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டுப் பணி. பெருஞ்செல்வமும் நுண்கருவியும் உடைய நாட்டில் அவ்வளவு சிறு பரப்புக்கு அத்தனை ஆண்டு. மண்ணிற் சேர்ப்பது ஒரு நாள் வேலை. மண்ணிலிருந்து பிரிப்பது ஒரு தலைமுறை வேலை. நாமோ வாடகை வண்டி அமர்த்தி, கூலியும் கொடுத்து, நம் தோட்டத்தில் நாமே கொணர்ந்து சேர்க்க எண்ணினோம்.

நாம் எண்ணிய ஏரி அணைக்கட்டிலிருந்து வரும் ஆற்றுக்கால் பாய்வது. மகேந்திரவர்மப் பல்லவன் தன் பெயரால் தடாகம் வெட்டிய காலந்தொட்டு இப்பகுதி ஏரிகளால் வாழ்வது. வாலாஜாப்பேட்டை அணைக்கட்டின் கால்கள் அவ்வேரிகளிற் பலவற்றிற்கு இன்றும் நீர் ஊட்டுகின்றன. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது, ஆறு கழுவப்பட்டதென்று யாமும் மகிழ்ந்து பாலத்தின்மேல் நின்று பார்த்தோம். கழுவிய அழுக்கு எங்கே சென்றது என்று அன்று எண்ணவில்லை. வெள்ளம் மேலிருந்த நுண்சேற்றைக் கிளப்பி, கால் வழியே செல்லும் இடமெல்லாம் கொண்டு சேர்த்திருக்கும். அந்த ஏரியில் நஞ்சு உண்டென்று யாம் சொல்லவில்லை. இல்லையென்று சொல்ல இப்பொழுது ஒருவரிடமும் சான்றில்லை.

மண்வள அட்டை இருக்கின்றதே என்று ஓர் இளைஞர் வினவினார். 2015-இல் தொடங்கிய அத்திட்டம் நல்லதே. ஆயினும் அதிற் காட்டுவன தழை, மணி, சாம்பற்சத்துக்களும், கந்தகம், இரும்பு, துத்தநாகம் முதலிய ஊட்டங்களும், காரத்தன்மையும் உவர்த்தன்மையுமேயாம். அவையும் பயிர்க்குப் போதுமா என்று காண்பதற்கே. குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் என்னும் நான்கும் அவ்வட்டையில் இல்லை. அவற்றிற்குத் தனியே வேண்டிக் கேட்டு, தனிக் கட்டணமும் கட்டவேண்டும்.

தோல் ஒன்றின்மேலேயே பழி முழுதும் சுமத்துதலும் தகாது. பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் உருக்குவோர், முலாம் பூசுவோர், நகரச் சாக்கடை, ஏன், சில பாஸ்பேட்டு உரங்களிற் கலந்துள்ள காட்மியம், எல்லாம் கூடியே சேற்றை நிறைக்கின்றன. சதுர்த்தி கழிந்ததும் ஏரியில் நாம் இடும் வண்ணம் பூசிய பிள்ளையார் சிலைகளும் அவற்றோடு சேர்ந்தனவே. நச்சு வண்ணம் தவிர்க்குமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இலும் 2020-இலும் நெறி வெளியிட்டது. சென்ற ஆண்டு நம் சங்கத் தெருவில் வைத்த சிலையின் பளபளப்பு யாம் மறக்கவில்லை. களிமண் பிள்ளையாருக்கு என்ன குறை?

விடுதித் தோட்டத்தில் உண்டாவது பெரும்பாலும் கீரை. வேரில் பெரிதும் தங்கிவிடும் குரோமியம் கீரைக்கு அதிகம் ஏறாது என்பர். காட்மியமோ இலையில் எளிதில் ஏறும். ஈயம் இலையில் ஏறுவதினும் மண்ணும் தூசியுமாகக் கை வழியே வாய்க்குச் செல்வது மிகுதி. வண்டல் என்னுஞ் சொல்லுக்குப் பழைய நூல்களில் இளமகளிர் மணலில் பாவை செய்து ஆடும் விளையாட்டு என்றும் பொருளுண்டு. அச்சொல்லைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் மகிழ்ந்திருக்கின்றோம். இப்பொழுது விடுதிப் பிள்ளைகளின் கைகளே நினைவிற்கு வருகின்றன. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் செய்யுங் கேட்டிற்கு இவ்வளவு வரை பாதகமில்லை என்னும் எல்லை கண்டறியப்படவில்லை.

இவ்வாறெல்லாம் பேசும்போது நம்மவர் சிலர் முகம் வாடுவதைக் காண்கின்றோம். நம் குலத்துக் குடும்பங்கள் பல தோல் வேலையாலும் அதனைச் சார்ந்த வண்டித் தொழிலாலும் பிழைக்கின்றன. இவ்விடுதிக் கட்டடத்திற்குக் கல் கொடுத்தவரும் அத்தொழிலில் பொருளீட்டியவரே. அவர் மனம் நோவ ஒரு சொல்லும் யாம் சொல்ல விழையவில்லை. கூலி வாங்கிய கை குற்றவாளி ஆகாது. எம் தந்தையாரின் கிணறு உவர்ந்தபோது யார்மேல் வழக்கிடுவது என்று தெரியாமலேயே அவர் வாளாவிருந்தார். அவ்வழக்கை யாமும் இப்பொழுது எடுக்கவில்லை. எம் வேண்டுகோள் ஒரு வண்டி மண்ணைப் பற்றியது மட்டுமே.

சென்ற ஞாயிறு நிகழ்ந்ததைச் சொல்லி அமைகின்றோம். சேறு எடுக்கச் செல்கின்றோம் என்று கேள்வியுற்று, அன்று எம்மை நகைத்த அப்பெரியவரே வீட்டிற்கு வந்தார். "நடுக்குழி எது என்று உமக்குத் தெரியாது, பண்டிதரே, நான் காட்டுகின்றேன்" என்றார். அறிவியலாசிரியரும் உடன்வந்தார். மண்வெட்டியின் இரும்பு சேற்றிற் கலந்து கணக்கைக் கெடுக்கும் என்று அவர் சொன்னமையால் மரக்கரண்டி கொண்டே எடுத்தோம். கால் வந்து புகும் வாயில் ஒன்று, நடுக்குழியில் இரண்டு, மதகருகே ஒன்று, கரையோரம் ஒன்று. ஆறாவதாகப் பெரியவர் தம் ஊர் மேற்கிலுள்ள, ஆற்றுக்கால் பாயாத வானம் பார்த்த ஏரியிலிருந்து ஒன்று எடுத்துத் தந்தார். ஒத்துப் பார்க்க அது வேண்டுமென்று அவர்க்கு யாம் சொல்லவில்லை, தாமே உணர்ந்தார். முழங்கால் அளவு சேற்றில் நின்று ஆறு பைகளிலும் தம் கையாலேயே எண் எழுதினார். நிழலில் உலர்த்தி ஆய்வுச்சாலைக்கு அனுப்பியிருக்கின்றோம். கட்டணத்தில் பாதியை அவரும் மறுபாதியை ஆசிரியர் இருவரும் ஏற்றோம். சங்கப் பணம் செலவாகவில்லை.

அறிக்கை வந்தவுடன் எண்கள் எவையாயினும் நமது சங்க இதழில் முழுமையும் அச்சிடுமாறு இதழாசிரியரை வேண்டுகின்றோம். நன்றெனில் முதல் வண்டியை யாமே ஓட்டி வருவோம். அதுவரை வண்டி பூட்ட வேண்டா. தோட்டத்திற்கு இப்போதைக்கு மாட்டெருவும் விடுதிச் சமையற்கட்டின் காய்கறிக் கழிவிலிருந்து செய்த மக்கும் போதும்; குழி வெட்டியாயிற்று.